சோதிக்காமல் வாங்கிய எண்ணெய்

திருத்தணி சவரச் சோப்புக்குப் பேர் போன ஊர் அல்ல. மலைக்கு வருகிறவர்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு பிளேடும் போதும். எழுந்திருக்கும்போது மொட்டை, அதன்மேல் சந்தனம். நுரை என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, சவர நுரையைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் யோசித்த மனிதர் எங்கள் ‘ரெண்டு கன்னம்’தான். யாராவது மறுத்தால், முதலில் அவர்களுடைய கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுகிறேன்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. முதலாளியைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, எங்களுக்கெல்லாம் அவர் ரெண்டு கன்னம்தான். அரக்கோணம் சாலையில் உள்ள ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து பில் போடுகிறவர் அவர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை, மீசை கிடையாது. மீசை வைத்தால் ஆராய்ச்சிக்கு இடம் குறைந்துவிடும் என்பார்.

ஆராய்ச்சி இதுதான். ஒரு கன்னத்தில் மளிகைக் கடைச் சோப்பு. மறு கன்னத்தில், ஆன்லைனில் வரவழைத்த உசத்திச் சோப்பு. எதில் எது என்று வாயைத் திறக்கமாட்டார். அப்படியே அலுவலகம் வந்து, கிடங்கைக் கவனிக்கும் முனிரத்தினத்தின் முன்னால் முகத்தை நீட்டுவார். முனிரத்தினம் அம்மையார்குப்பத்துத் தறிக்காரக் குடும்பம். நூலைக் கண்ணால் பார்க்கவே மாட்டார், விரலால் தடவி நம்பர் சொல்வார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், வழவழப்பாகும். அந்த விரல்தான் கன்னங்களுக்கும் நீதிபதி.

“இன்னா சார், இன்னிக்கும் டெஸ்ட்டா?”

“ஆங். கண்ண மூடு. மூடிட்டியா? தொடு.”

“இது நாப்பதாம் நம்பரு. இது… அறுபது சார்.”

“அறுபதா? நல்லாத் தேச்சுப் பாரு.”

“இதுக்கு மேல தேச்சா தோலு கைக்கு வந்துடும் சார்.”

மரக்கிண்ணத்தில் ஒரு வெளிநாட்டுச் சோப்பு வந்தது. கூடவே அணில் வால் போல ஒரு பிரஷ். பார்சலைப் பிரித்த அன்று அலுவலகம் முழுவதும் கல்யாண வீட்டு வாசனை. மறுநாள் கிடங்கில் ஏழெட்டுப் பேர் கூடி நிற்க, முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தடவினார்.

“எம்பது சார்! கோயில் தூண் மாதிரி கீது.”

கிடங்கே கை தட்டியது. ரெண்டு கன்னம் மட்டும் சிரிக்கவில்லை.

“வெல பத்து மடங்கு. கன்னம் பத்து மடங்கு வழவழப்பா?”

“அப்டி எப்டி சார் சொல்றது? ரெண்டு மடங்குன்னு வெச்சிக்கோங்க.”

“அப்போ ஒர்த்து இல்ல.”

எந்தப் பொருளுக்கும் கடைசியில் அவர் சொல்வது இந்த இரண்டு வார்த்தைதான். நல்ல பொருள் என்று ஒப்புக்கொள்வார், பாராட்டுவார், மீதிச் சோப்பை யாருக்காவது கொடுத்தும் விடுவார். ஆனால் ஒர்த்து இல்ல. அவர் ஒர்த்து என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வெளியாட்களையும் விடமாட்டார். ஒருமுறை அரக்கோணம் ரயிலில் எதிர் சீட்டில் இருந்த பூக்காரம்மாவிடம் முகத்தை நீட்டிவிட்டார்.

“அம்மா, ரெண்டுல எது வழவழன்னு கீதுன்னு தொட்டுச் சொல்லும்மா.”

“தொடறதா? ஓங்கி ஒண்ணு வுட்டா ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும். வேணுமா?”

மறுநாள் அதை அவரே எங்களிடம் சொல்லிவிட்டு, “அந்தம்மா சொன்னதுல தப்பே இல்ல சார். வீங்கினா ரெண்டும் ஒண்ணுதான்,” என்றார்.

சோப்பு அலுத்த பருவத்தில் எண்ணெய்க்குத் தாவினார். இடது கையில் தேங்காய் எண்ணெய். வலது கையில் குங்குமப்பூவும் பாதாமும் சேர்த்த ஏதோ ஒரு தைலம், சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டியில். இரண்டு வாரம் பூசிய கைகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு மலைப்படி ஏறினார். பாதி வழியில் ஒரு குரங்கு கைப்பிடிச் சுவரிலிருந்து இறங்கி வந்தது. தேங்காய் எண்ணெய்க் கையை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளியது. வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கை வரை நக்கியது. நான் கத்தினேன். அவர் அசையாமல் நின்று முடிவை மனதில் குறித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா சார்? கொரங்குக்குக்கூட வித்தியாசம் தெரியுது.”

“அப்ப இது ஒர்த்துதானே?”

“அது எப்டி சார்? அது இன்னா காசு குடுத்தா வாங்கிச்சு?”

இத்தனை நீதிபதிகள் இருந்தும், முதல் தீர்ப்பு எங்களுடையது அல்ல. அது வீட்டிலேயே ஆகிவிடும். அவர் மனைவி சகுந்தலா அம்மா அடுப்படியில் இருந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கன்னத்தையும் புறங்கையால் ஒரு தடவு தடவி, “ரெண்டும் சொரசொரதான். போய்க் குளிங்க,” என்பாராம். மளிகைக் கடைச் சோப்பானாலும் மரக்கிண்ணச் சோப்பானாலும் அவருக்கு அதே தீர்ப்பு. “வீட்ல இன்னிக்கும் சொரசொரன்னுட்டாங்க சார்,” என்று இவர் எங்களிடம் வந்து சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அந்தச் சகுந்தலா அம்மா போன வருஷம் தை மாதத்தில் ஒரு காலை, அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சு குழறிற்று. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் ரெண்டு கன்னத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: அவங்களாத் திரும்ப முடியாது, நீங்கதான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், தோல் விட்டுச்சுன்னா படுக்கைப் புண்ணு வரும், இந்த நிலைமையில வந்தா அது ஆறாது.

அதற்குப் பிறகு அவருக்கு அந்தத் தோல் ஒன்றுதான் கவலை. நீண்ட விடுப்புப் போட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. சமையலும் அவரே, துவைப்பதும் அவரே.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் முனிரத்தினமும் பார்க்கப் போனோம். கட்டிலில் வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. சகுந்தலா அம்மா எங்களைக் கண்டதும் வலது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இடது கையை அசைத்தார். ஜன்னல் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் இல்லை. அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள்தான், ஒரே மாதிரி, வரிசையாக. முனிரத்தினம் அவற்றைப் பார்த்ததும் பழைய குரலில் கேட்டுவிட்டார்.

“சார், எந்தக் காலுக்கு இது, எந்தக் காலுக்குத் தேங்காண்ண?”

ரெண்டு கன்னம் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தக் காலுக்கு மட்டமானதப் போடச் சொல்ற, முனி?”

அவ்வளவுதான் சொன்னார். கோபம் எதுவும் இல்லை. நிஜமாகவே பதில் தெரியாத கேள்வியைக் கேட்பது போலத்தான் கேட்டார். பிறகு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும், எங்கெல்லாம் கட்டில் அழுத்துமோ அங்கெல்லாம், நோகாமல் தடவத் தொடங்கினார். நாங்கள் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம். முனிரத்தினம் பஸ் நிறுத்தம் வரைக்கும் தன் தலையில் தானே குட்டிக்கொண்டு வந்தார்.

சகுந்தலா அம்மா ஆடி மாதத்தில், ஊரே காவடிக் கூட்டமாக இருந்த வாரத்தில், இறந்துபோனார். இன்னொரு பக்கவாதம். நாங்கள் கூட்டத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் போய்ச் சேர்ந்தபோது, உடம்பைக் குளிப்பாட்டிய பெண்கள் ஈரப் புடவையோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ரெண்டு கன்னம் என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“ஒரு புண்ணு இல்ல சார். குளிப்பாட்டினவங்க சொன்னாங்க. கொழந்த ஒடம்பு மாதிரி இருந்துச்சாம்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எண்ணெயா, நான் திருப்பித் திருப்பிப் போட்டதா, எதுன்னு தெரியாது சார். டெஸ்ட்டு வெக்கலையே.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா ஒர்த்து சார்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் முதல்முறையாகக் கேட்க வேண்டிய இடம் அதுவாக இருந்திருக்க வேண்டாம்.

காரியங்கள் முடிந்து வேலைக்கு வந்தார். தாடி வளர ஆரம்பித்தது. முதலில் துக்கம் என்று விட்டோம். பிறகு அது நரைத்த புதராகிக் கழுத்துக்கு இறங்கியது. பில் போடுவார், டிபன் டப்பாவைத் திறந்து பாதியோடு மூடுவார், வீட்டுக்குப் போவார். கேட்டதற்கு மட்டும் பதில். ஒருநாள் முனிரத்தினம் எதிரில் போய் நின்று, “இன்னா சார் இது, நூலு நம்பரே போட முடியாது. சணலு,” என்றார். கிடங்கில் யாரும் சிரிக்கவில்லை. அவர் முனிரத்தினத்தின் தோளைத் தட்டிவிட்டு மறுபடி பில் புத்தகத்தைத் திறந்தார். இந்த மனிதர் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்தபடி எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பயம் வந்தது. ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். “ஆங், ஆங்” என்று தலையை ஆட்டினார்.

சென்ற மாதம், அவர் முன்பு மரக்கிண்ணம் வாங்கிய அதே இடத்தில் நானும் ஒன்று வரவழைத்தேன். வீட்டில் விலையைக் கேட்டார்கள். வேறு ஏதோ பேச்சைத் தொடங்கிச் சமாளித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கன்னத்தில் அதையும் மறு கன்னத்தில் மளிகைக் கடைச் சோப்பையும் போட்டுச் சவரம் செய்தேன். பழக்கமில்லாத பிரஷ், இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். அப்படியே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

“இன்னா சார் காலையில?”

“கண்ண மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்க சார். மூடிட்டீங்களா? தொடுங்க.”

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணை மூடியபடி கையைத் தூக்கினார். விரல் கன்னத்துக்கு அருகில் வந்து நின்றது. பிறகு அந்தக் கையைத் திருப்பினார். புறங்கையால் என் இரண்டு கன்னத்தையும் ஒரு தடவு தடவினார்.

“ரெண்டும் சொரசொரதான்,” என்றார். கண்ணைத் திறக்காமலே கதவை நன்றாகத் திறந்துவிட்டார். “உள்ள வாங்க சார். ரெத்தம் வருது. பாத்துச் செய்ய மாட்டீங்களா?”

திங்கட்கிழமை தாடியோடுதான் வந்தார். ஆனால் உட்காருவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்து குனிந்து, “அந்தச் சோப்பு எவ்ளோ சார்?” என்று கேட்டார். சொன்னேன். பழைய மாதிரியே உதட்டைப் பிதுக்கினார்.

“ஒர்த்து இல்ல சார்.”

எனக்கு ஒர்த்துதான்.