அலுமாரிக்குள் ஒரு சவூதிப் போத்தல்

இனி என் உடம்பில் மாமியின் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது. எண்பத்திரண்டாம் ஆண்டு தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினேன். ஆதரவாக ஒரு வாக்கு. எதிர்ப்பே இல்லை, ஏனென்றால் என் மனைவி ஸகியா அப்போது குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

சாய்ந்தமருதில் மாரி மழை ஓய்ந்து தைப் பனி தொடங்கினால் மற்றவர்களுக்குப் போர்வை தேவைப்படும். எனக்கு நகம் தேவைப்படும். கடல் பக்கமிருந்து வருகிற வாடைக்காற்று என் தோலில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டுதான் மேற்கே போகும். இரண்டு காலும் தண்ணீர் காணாத வயல் மாதிரி வெடிக்கும். விரலால் கீறினால் வெள்ளைக் கோடு விழும். பக்கத்து மேசைச் செல்லத்தம்பி ஒருநாள் என் முன்கையில் ‘இன்று லீவு’ என்று நகத்தால் எழுதிக் காட்டினான். கந்தோர் வாசலிலிருந்தே வாசிக்கக்கூடியதாக இருந்தது.

கந்தோர் என்றால் நீர்ப்பாசனக் கந்தோர். நான் அங்கே கிளாக்கர். எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஓடவேண்டும் என்று எழுதுவது என் வேலை. ஊருக்கெல்லாம் ஈரம் பங்கிட்டவனுக்குத் தன் தோலுக்கு ஒரு துளி ஈரமில்லை. கோடு போடுகிற அடிமட்டத்தால் முதுகைச் சொறிந்தேன். சைக்கிள் சாவியால் கணுக்காலைச் சொறிந்தேன். தோளுக்குக் கதவு நிலை இருந்தது. சொறியும்போது சொர்க்கம், விட்டால் நெருப்பு.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். ஸகியாவின் தாயான மாமி ஹவ்வா உம்மா காய்ச்சுகிற எண்ணெய். நல்லெண்ணெயில் வேப்பம்பட்டை, உள்ளி, கருஞ்சீரகம், அதற்கு மேல் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்த ஏதோ சாமான்கள். குணம் உண்டு. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மணத்தைப் பற்றித்தான் பேச்சு. சனம் பிதுங்குகிற கல்முனை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஆசனம் மட்டும் காலியாக வரும். செல்லத்தம்பி முதலில் ஜன்னலைத் திறந்தான். பிறகு மேசையையே ஜன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

“பூசமாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை இல்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் முடிந்து பெண் எங்கேயும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு ஸகியாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு. கிணறு அவளுடையது. தென்னை அவளுடையது. நான் படுக்கிற கட்டிலும் அவளுடையது. அந்த வளவுக்குள் எனக்கென்று இருந்தது என் தோல் மட்டும்தான். அதன் நிருவாகத்தையும் மாமி எடுத்துக்கொண்டார்.

சரி, எண்ணெயை விட்டால் வேறு வழி? வழி அலுமாரிக்குள் இருந்தது. ஸகியாவின் தம்பி றஸாக்குக்குச் சவூதியில் வேலை. பெருநாள் லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தான். றோஸ் நிறம், றோஸ் மணம், தோலில் தடவுகிற கிறீம். ஸகியா ஒரு பொட்டு எடுத்துத் தன் புறங்கையில் தடவினாள். எனக்கு மோந்து பார்க்க மட்டும் தந்தாள். பிறகு “நல்ல நாள் பெருநாளைக்கு” என்று பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில்.

என் திட்டம் இவ்வளவுதான். எண்ணெயைத் தடை செய்தால், அலுமாரி தானாகத் திறக்கும்.

தடைக்கு வழி காட்டியவர் எங்கள் பள்ளியில் தொழுகை நடத்துகிற அபூசாலி லெப்பை. அன்றைக்கு ஜும்ஆவுக்கு முன்னால் பயான் என்கிற மார்க்கப் பிரசங்கம் செய்தார். நான் பள்ளித் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு கேட்டேன். தேய்த்த சுகத்தில் கண் செருகிவிட்டது. இடையில் விழித்தபோது, “தோலில ஏதும் படிஞ்சு தண்ணிய மறிச்சா உளு சேராது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உளு என்பது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது. அது சேராவிட்டால் தொழுகையும் சேராது. லெப்பை மேற்கொண்டும் ஏதோ சொன்னார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நிம்மதியாக மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சோற்றுக்கு உட்கார்ந்ததும் தொடங்கினேன்.

“ஸகியா, இனி எனக்கு எண்ணெய் பூச ஏலா.”

“ஏன் மச்சான், கை சுளுக்கிட்டா?”

“கைக்கு ஒண்டுமில்ல. மார்க்கத்தில தடை.”

அவள் ஆணக்கரண்டியோடு அப்படியே நின்றாள். “எண்ணெய்க்கா?”

“தோலில எண்ணெய் படிஞ்சிருந்தா தண்ணி படாது. தண்ணி படாட்டி உளு சேராது. உளு சேராட்டித் தொழுகை சேராது. இண்டைக்கு லெப்பை பயான்ல சொன்னாரு.”

“லெப்பையா சொன்னாரு?”

“முன் தூணடியில இருந்து இந்தக் காதால கேட்டன்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

“அப்ப சரி. மார்க்கம் எண்டா மார்க்கம்தான்.”

இத்தனை இலகுவாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். விதி, மீன் ஆணம் நல்ல ருசியாக இருந்தது.

“உம்மா!” என்று அவள் உள்ளுக்குக் குரல் கொடுத்தாள். “இவரு இனி எண்ணெய் பூசமாட்டாராம். உளு சேராதாம். ஐஞ்சு வக்தும் பள்ளிக்குப் போய்த் தொழப் போறாராம்!”

எனக்குப் புரையேறியது. “நான் எப்ப புள்ள அப்பிடிச் சொன்னன்?”

“தொழாதவருக்கு உளு என்னத்துக்கு மச்சான்?”

என் தொழுகை நிலவரம் அப்படி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தவறாது. அந்தி மஃரிபு, வீட்டில் விருந்தாளி இருந்தால் நடக்கும். விடியற்காலைச் சுபஹைப் பற்றி, அதுவும் தை மாதத்துச் சுபஹைப் பற்றி, நாம் பேசாமல் இருப்பது நல்லது.

மாமி என்னோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வார், எனக்குக் கேட்கும்.

“அல்ஹம்துலில்லாஹ்! புள்ள, மருமகனுக்கிட்டச் சொல்லு. இதுக்காக நான் எத்தின நோன்பு நேர்ந்திருக்கன் எண்டு.”

சீலைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிற மாமியிடம் போய், “இல்ல மாமி, அலுமாரிப் போத்தலுக்காகச் சொன்ன பொய்” என்று எந்த மருமகன் சொல்வான்?

மறுநாள் விடியுமுன், தொழுகைக்கு அழைக்கிற பாங்கு நேரத்தில், போர்வை என்னைவிட்டுத் தானாகக் கழன்று போனது.

“மச்சான், பாங்கு சொல்லிட்டாங்க.”

“எனக்குக் கேக்கல்லியே.”

“அதுக்குத்தான் நான் சொல்றன்.”

வெளியே வந்தால், வேலிக் கடப்படியில் மாமி அரிக்கன் லாம்போடு நிற்கிறார். நான் பள்ளித் தெருவில் திரும்பும்வரை அந்த லாம்பு அசையவில்லை.

பள்ளியில் உளுச் செய்கிற தொட்டியை ஹவுள் என்போம். இரவெல்லாம் பனியில் கிடந்த தண்ணீர். கையை விட்டேன். வெளியே எடுத்துப் பார்த்துத்தான் கை இருக்கிறதென்று உறுதி செய்துகொண்டேன். முகத்தில் அடித்தபோது, முப்பத்தெட்டு வயதில் நான் “உம்மா!” என்று கத்தினேன். முன் வரிசையில் ஒருவர் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

எண்ணெயில்லாத தோலில் நாளுக்கு ஐந்து தரம் பச்சைத் தண்ணீர் பட்டால் என்னாகும் என்று எந்தக் கந்தோர்க் கோவையிலும் எழுதியில்லை. நான் சொல்கிறேன். செதில் விடும். மீன் சந்தைப் பக்கம் போகவே பயமாக இருந்தது, யாராவது என்னை விலை கேட்டுவிடுவார்களோ என்று. ருகூவில் குனிந்தால் முழங்கால் அரிக்கும். ஸுஜூதில் நெற்றி அரிக்கும். சொறியவும் முடியாது. அந்த நாட்களில் நான் துஆவில் வேறு எதையும் கேட்கவில்லை, வெயிலை மட்டும் கேட்டேன்.

இதற்கிடையில் மாமி தெருவெல்லாம் சொல்லிவிட்டார். “உளுவுக்குப் பழுது எண்டு எண்ணெயையே விட்டுட்டாரு என்ட மருமகன்!” எனக்கு ஸலாம்கள் கூடின. தேத்தண்ணிக் கடையில் எழும்பி இடம் தந்தார்கள். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அந்தப் பிடித்தலில்தான் அடுத்த பிழையைச் செய்தேன்.

ஒருநாள் தொழுகை முடிந்து லெப்பையிடம் போனேன்.

“லெப்பை, ஹவுளுத் தண்ணி குளிர் கூட. எனக்கெண்டாப் பரவாயில்ல. வயசாளிகளை நினைச்சாத்தான் மனசு கேக்குதில்ல.”

லெப்பையின் கண் கலங்கிவிட்டது. “மாஷா அல்லாஹ், ஜவுபர் தம்பி! இப்பிடி நினைக்க ஒரு ஆள் வேணுமே. விடியப்புறம் கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும். சுபஹுக்கு முன்ன அள்ளி ஹவுள நிறைச்சா எவ்வளவு சுகம்! பாங்கு சொல்ற மோதினார் மீராசாஹிபுக்கு இடுப்புப் புடிப்பு, அவரால ஏலா. நீங்க நீர்ப்பாசனக் கந்தோர்தானே? தண்ணி உங்களுக்குப் பழக்கம்.”

“நான் தண்ணிய எழுதுறவன் லெப்பை. அள்ளுறவனில்ல.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பணிவு என்று எண்ணிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து பாங்குக்கும் முன்னால் என் கையில் வாளியும் கயிறும்.

கயிறு உரசி உள்ளங்கையும் வெடித்தது. இனித் தாமதிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸகியாவிடம் போனேன்.

“புள்ள, அலுமாரிக்குள்ள அந்தச் சவூதிப் போத்தல்...”

“அது தோலில படியாதா?”

“அது எண்ணெயில்ல, கிறீம். தடவினா உள்ளுக்குப் போயிடும். ஒண்டும் படியாது.”

“நீங்க லெப்பையா?”

“இல்ல.”

“அப்பக் கேட்டுத்தான் பூசோணும். பேணுதலான மனிசன் எண்டு ஊரே கதைக்குது, ஒரு போத்தலால அது கெட்டுப் போகலாமா? இருங்க, மைமூனா ராத்தாக்கிட்டப் போய் லெப்பைக்கிட்டக் கேக்கச் சொல்றன்.”

மைமூனா ராத்தா லெப்பையின் மனைவி. ஸகியா இடுப்புச் சாவியை எடுத்தாள். அலுமாரி திறந்தது. என் காதுக்கு அதைவிட இனிமையான சத்தம் அந்த மாதம் கேட்கவில்லை. போத்தலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் போனாள். நான் கதவு நிலையில் சாய்ந்து, இதுதான் கடைசித் தடவை என்று ஆசை தீரத் தோளைத் தேய்த்தேன்.

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“போத்தல் எங்க?”

“பாவம் மச்சான், மைமூனா ராத்தாட காலெல்லாம் வெடிப்பு. லெப்பைக்கும் கை வெடிச்சுக் கிடக்காம். பாத்துக்கிட்டு வர மனசு வரல்ல. குடுத்திட்டன்.”

“குடுத்திட்டியா! அப்ப அது பூசலாமாமா?”

“ஓம், தாராளமாப் பூசலாமாம். கிறீமும் பூசலாம், எண்ணெயும் பூசலாம். பெயின்ற், தார் மாதிரிக் கட்டியாப் படிஞ்சு தண்ணிய மறிச்சாத்தானாம் உளு சேராது.”

“இத லெப்பை இப்பத்தான் சொன்னாரா?”

“இல்லியே, அண்டைக்குப் பயான்லயே சொன்னாரே! பள்ளி ஒலிபெருக்கி நம்மட குசினியத்தானே பாத்துக்கிட்டு நிக்குது. நான் மீன் அறுத்துக்கிட்டு முழுசாக் கேட்டன். ‘எண்ணெய் பூசினவங்க பயப்பட வேணாம்’ எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நீங்க முன் தூணடியில இருந்தீங்களே, உங்களுக்குக் கேக்கல்லியா?”

“தெரிஞ்சிருந்தா ஏன் புள்ள அண்டைக்கே சொல்லல்ல?”

“சொல்லியிருந்தா நீங்க சுபஹுக்கு எழும்பியிருப்பீங்களா?”

கதவுச் சீலை அசைந்தது.

“புள்ள, மருமகனச் சட்டையக் கழட்டச் சொல்லு. எண்ணெய் ஆறுது.”

கழற்றினேன். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து ஸகியா பூசிவிட்டாள். அரிப்பு அன்றைக்கே அடங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். தொழுகையை விடவும் வழியில்லை. கடப்படியில் மாமியின் லாம்பு இருக்கிறது, பள்ளிக் கிணற்றடியில் என் வாளி இருக்கிறது, நடுவில் முழுத் தெருவும் இருக்கிறது.

மறுநாள் ஹவுளை நிறைத்துவிட்டு முன் வரிசையில் போய் நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. தொழுகை முடிந்ததும் லெப்பை வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்து ஸலாம் சொன்னார். அவர் கை பஞ்சு. அதில் றோஸ் மணம். என் மணம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததும் மெல்லக் கையை விட்டார்.

“ஜவுபர் தம்பி, நாளையிலயிருந்து பின் வரிசையில நில்லுங்க. தண்ணி அள்ளுறதுக்கு மணம் தடையில்ல.”