கியூவில் நடத்திய இங்கிலீஷ் கிளாஸ்

பால் வாங்கப் போனேன். அவ்வளவுதான் வேலை.

ஆனா அன்னிக்கு அது சாதாரணப் பால் இல்லை. கும்பகோணத்துலேர்ந்து மாமனார் முதல் தடவையா எங்க டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். காலைல காபி குடிக்காம மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். திறந்தா நாம தாங்க மாட்டோம்.

"காபி மட்டும் தவறட்டும், அப்பா அடுத்த ரயிலுக்குக் கிளம்பிடுவார். அப்புறம் எங்கிட்டப் பேசாதீங்க!"ன்னு மனைவி காலி பாட்டில்களைக் கையில திணிச்சா.

பால் பூத்ல நல்ல இடம் கிடைச்சுது. முன்னாடி கொஞ்சம் பேர்தான். பின்னாடி பக்கத்து வீட்டு சோப்ரா. ஆபீஸ் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தார்.

"பையாஜி, நீங்க மதராஸி. இங்கிலீஷ் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. 'அட் தி எண்ட்', 'இன் தி எண்ட்', என்ன வித்தியாசம்?"

டெல்லியில மதராஸின்னா இங்கிலீஷ்ப் புலி. என் டிராஃப்டை அதிகாரி சிவப்பு இங்க்ல குளிப்பாட்டறது சோப்ராவுக்குத் தெரியாது. தடுமாறினா மொத்த மதராஸோட மானமும் கப்பலேறிடாதா?

"ரொம்ப ஈஸி சோப்ராஜி! இப்ப பாருங்க!"

உதாரணம் காட்டினாத்தான் மனசுல நிக்கும்னு விறுவிறுன்னு நடந்து கியூவோட கடைசியில போய் நின்னேன். "ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் தி கியூ!"ன்னு அங்கேர்ந்து கத்தினேன்.

"அச்சா! அச்சா!"ன்னு சோப்ரா கை தட்டினார். அவருக்குப் பின்னாடி நின்ன சர்தார்ஜி, "அப்போ 'ஆன் டைம்', 'இன் டைம்'?"னு கேட்டார்.

விடுவேனா? அதையும் அங்கேயே நின்னு விளக்கினேன்.

பெருமையோட திரும்பி வந்தா, என் இடத்தைக் காணோம்!

"பாய் சாப், பின்னாடி போங்க!"ன்னு அதட்டினது வேற யாருமில்லை, என் புது மாணவர் சர்தார்ஜிதான்.

"சோப்ராஜி, நான் இங்கதானே நின்னேன், சொல்லுங்களேன்!"

சோப்ரா பாட்டிலை நீட்டறதுல மும்முரமா இருந்தார்.

மறுபடியும் கடைசி. என் முறை வந்ததும் "தூத் கதம்!"னு, பால் தீர்ந்துபோய், ஷட்டர் இறங்கிச்சு.

"பையாஜி, 'இன் தி எண்ட்' சொல்லலையே?"ன்னு பால் பாட்டிலோட சோப்ரா காத்திருந்தார்.

"இன் தி எண்ட், ஐ காட் நோ மில்க்!"

வீட்டுக்கு வந்தா மாமனார் பெட்டியை வெளியில எடுத்து வச்சிருந்தார். மனைவி பார்த்த பார்வையை எந்த பாஷையிலயும் சொல்ல முடியாது.

அப்ப கதவு தட்டற சத்தம். சோப்ராவோட மனைவி! கையில ஒரு பெரிய கெட்டில். இஞ்சி, ஏலக்காய் மணக்க, தண்ணியே காட்டாத கெட்டிப் பால் டீ.

"இங்கிலீஷ் பாடம் எடுத்த மாஸ்டர்ஜிக்கு ஃபீஸ்!"

"டீயா? கர்மம்!"னு மாமனார் முகத்தைச் சுளிச்சார். வேற வழியில்லாம ஒரு வாய் குடிச்சார். இன்னொரு டம்ளர் ஊத்திக்கிட்டார்.

கடைசிச் சொட்டையும் வழிச்சுக் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சார்.

"மாப்ளே, நாளைக்கு என்ன பாடம்?"