அத்தை தட்டில் வைத்த வெள்ளரிக்காய்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் மகள், பேரன், பேத்தி மூவரும் நலம். என்னை யாரும் விசாரிப்பதில்லை என்பதால் என் நலத்தை நானே எழுதிக்கொள்கிறேன். சுமார்தான்.

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனதிலிருந்து உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. "அம்மா திரும்பி வர்ற வரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றதுதான் கடைசி. ஆகவே நடந்ததை முறையாக விளக்கி மன்னிப்புக் கேட்கிறேன். நீச்சல்குளத்துத் தண்ணீரில் அமிலம் கூடினாலும் தொல்லை, காரத்தன்மை கூடினாலும் தொல்லை. தினமும் சோதனைத் தாளை நனைத்து, நிறம் பார்த்து, வேண்டியதைப் போட்டுச் சமன்செய்வதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நீந்த வருகிற ஒருவர், சாப்பாட்டையும் அப்படித்தான் சமன்செய்ய வேண்டும் என்று ஓர் அட்டவணை கொடுத்தார். இறைச்சி, முட்டை, சோறு அமிலப் பக்கம். கீரை, காய், பழம் எதிர்ப்பக்கம். அது ஒரு பங்கு என்றால் இது மூன்று பங்கு. அவ்வளவு பெரிய குளத்தையே அடக்குகிறவனுக்கு வீட்டில் ஐந்து வயிறு எம்மாத்திரம் என்று நினைத்தேன். என் புத்தி புல் மேயப் போனது அப்போதுதான்.

முதல் நாளே பேரன் தன் கீரையைத் தங்கையின் தட்டுக்குக் கடத்தினான், அவள் தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதே என்று முட்டையே பிடிக்காத குழந்தைக்கு அரை முட்டை ஊட்டினேன், அவள் அதை என் சட்டையிலேயே திருப்பித் தந்தாள், உங்கள் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது. உங்கள் எலுமிச்சைச் சாற்றில் குளத்துத் தாளை நனைத்தேன், அது மஞ்சளாகி அமிலம் என்றது, ஆனால் அட்டவணைப்படி எலுமிச்சை உடம்புக்குள் போனதும் கட்சி மாறிவிடும் என்று உங்களுக்கு விளக்கினேன். "புளிக்கிறது புளிப்பில்லையாம், புளிக்காத கறிதான் புளிப்பாம். மாப்பிள்ளை, வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றீர்கள். அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அடுப்படியில் நின்று நீங்கள் கறி வறுத்தீர்கள். உங்கள் தட்டில் இருந்த நான்கு துண்டில் மூன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளரிக்காயை அடுக்கினேன். சமைத்தவர் தட்டில் கை வைத்தது தவறு. எடுத்த மூன்றையும் நானே தின்றது அதைவிடப் பெரிய தவறு. வீணாகக் கூடாதே என்றுதான் தின்றேன், ருசிக்காக இல்லை என்று எழுதினால் அது உப்பிட்டவருக்குச் செய்கிற துரோகம்.

இப்போது காயும் கீரையுமாக எல்லாம் அளவு தப்பாமல்தான் மேசைக்கு வருகிறது. அவரவர் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போகிறோம். நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது அத்தை. அட்டவணையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பெரிய மனது பண்ணி உடனே புறப்பட்டு வாருங்கள்.

உங்கள் ஆசியையும் உங்கள் கைச் சாப்பாட்டையும் வேண்டும்,
மருமகன்.

பி.கு.: இதைப் படித்ததும் உங்கள் மகள் பேசிவிட்டாள். இந்தச் சாப்பாட்டில் அவளுக்கு நெஞ்செரிச்சல் நின்றுவிட்டதாம். டாக்டரிடமும் கேட்டாளாம். "ரத்தத்துல அமிலம் கூடாம உடம்பே பாத்துக்கும், அதுக்கு அட்டவணை வேண்டாம், ஆனா காய்கறி நல்லதுதான்" என்றாராம். பின்பாதி மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. குப்பையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, ஃபிரிட்ஜ் கதவில் மாட்டிவிட்டாள். என் தட்டில் இப்போது வெள்ளரிக்காய் மட்டும்தான். ஆகவே நீங்கள் வர வேண்டாம். நான் அங்கே வருகிறேன். கறி நான்கு துண்டு போதும், மூன்று உங்களுக்கு.