பூண்டுக் காட்டில் ராணுவ ஆராய்ச்சி

கவுஞ்சி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் சேனாதிபதி அவர்களுக்கு, திருமலைச்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை சோலையம்மாளும் பூண்டுப் பயிரும் சுகம். பழனியில் நீங்களும் பஞ்சாமிர்தக் கடையும் சுகமாயிருக்க முருகன் துணை. எங்கள் மகள், உங்கள் மருமகள் ஜெயப்பிரியாவைப் பற்றித்தான் கவலை. போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால் கடிதம்.

கோயம்புத்தூர் வேலையை விட்டுவந்து, பூண்டு காயப்போடும் கொட்டகையில் கம்பெனி போர்டு மாட்டினாள் அல்லவா? மண்ணில் ஒரு கம்பியைப் புதைத்தால், காலடி அதிர்வை வைத்து, வருவது மனுசனா காட்டுப்பன்னியா காட்டுமாடா, எத்தனை என்று போன் சத்தமாகச் சொல்லும். பயிரைக் காக்கத்தான் செய்கிறாள் என்றிருந்தேன். அவளோ, எல்லைக் காவலுக்கும் ஆகும், சின்னக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு ராணுவ அமைச்சகம் பணம் கொடுக்கிறது என்று மனுப் போட்டுவிட்டாள். மனுவில் ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர். அதில் நானும் உங்கள் தங்கையும் இரண்டு பேர். என் ஆராய்ச்சி என்ன தெரியுமா மச்சான், பன்னி மாதிரி நாலு காலில் பாத்தி பாத்தியாகத் தவழ்வது! பக்கத்துக் காட்டு ராக்காயி பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு என்னமோ புடிச்சுக்கிருச்சு, வெரசா திருநீறு பூசுங்க"ன்னு சத்தம் போட, ஊரே கூடிப்போச்சு.

பிறகு சோதிக்க அமைச்சகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார், தமிழ்க்காரர்தான். ஈரப் பாத்தியில் வழுக்கி, கையை ஊன்றி எழுந்து நடந்தார். போன் கணீரென்று, "காட்டுப்பன்னி" என்றது. எனக்கு உசுரே இல்லை.

"யாரைச் சொல்லுது?" என்றார்.

இந்தப் பிள்ளை மழுப்பியிருக்கலாம். "உங்களத்தான் சார். தப்புத்தான். கை ஊனுனத நாலு காலுன்னு எடுத்துக்கிருச்சு. தவழ்ந்து வர்ற ஆளையும் இப்படித்தான் சொல்லும். அதச் சரிபண்ணத்தான் ஆராய்ச்சிக்குக் கேக்குறேன்" என்றாள்.

அவர் பதில் சொல்லுமுன் போன், "காட்டுமாடு, மூணு" என்றது. பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதுவும் தப்பா?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, பீன்ஸ் பந்தலுக்குப் பின்னால் மலை மாதிரி மூணு நிக்குது! ஓடிப்போய்க் கொட்டகைக்குள்ள அடஞ்சு, ஒரு மணி நேரம் பூண்டு மூட்டை மேலயே உக்காந்திருந்தோம். அவருக்குக் கருப்பட்டிக் காப்பி குடுத்தோம். குடிச்சுட்டு, "தகவல் சொல்றோம்மா"ன்னு போனவர்தான்.

ரெண்டு மாசமாச்சு, ஒரு சேதியுமில்ல. பிள்ளை வெள்ளனே எந்திரிச்சு கம்பியோட காட்டுக்குப் போயிருது. நேத்து, "சரிவராதுன்னா விட்டுருமா" என்றேன். "பாதி கண்டுபுடிச்சுட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். தாய்மாமன் நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து, பழைய வேலைக்கே போகச் சொல்லிப் புத்தி சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தண்டாயுதபாணி எல்லோருக்கும் நல்ல வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
திருமலைச்சாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது ஜெயப்பிரியா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். பணம் அனுமதியாகிவிட்டது மச்சான்! தன் தப்பைத் தானே சொன்ன கம்பெனி இது ஒன்றுதானாம். அடுத்த சோதனை லடாக் பனியில். தவழ்வதில் அனுபவமுள்ள ஆள் வேண்டுமென்று என் பெயரையும் எழுதிவிட்டார்கள். புத்திமதி ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தவறாமல் வாருங்கள், நாங்கள் மூணு பேரும் போய்த் திரும்பும்வரை பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை.