தராசு சம்மதிக்கும் நாள்

“அறுநூத்து நாப்பது பவுண்டு கூடுதல், மாமா” என்றான் ராய்ஸ், செல்போனில் கணக்குப் போட்டு முடித்து.

வெர்லின் ஸ்டக்கி எடைச் சீட்டை அவனிடமிருந்து பிடுங்கினார். வண்டியைவிட்டு இறங்கி, டிரக்கின் கதவோரம் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார். இந்த வண்டியின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருந்தது. கையிலிருந்த எடைச் சீட்டைப் பார்த்தார். மறுபடி மஞ்சள் சீட்டு. எத்தனை தடவை பார்த்தாலும் எண் மாறுவதாக இல்லை. கதவை அறைந்து சாத்தினார். நெடுஞ்சாலை ஓரத்தில் எடைமேடை வைத்திருந்த அந்த லாரி நிறுத்தத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த நாலு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீதானேடா டீசல் எடுக்கச் சொன்னே?”

“இழுக்கிறதுக்கு டீசல்தான் மாமா. எதை மாட்டினாலும் இழுக்கும்.”

“இழுக்கும்டா. தாங்குமா? அந்த எஞ்சின் இருக்கிற கனத்துக்கு, அது தின்னது போக மிச்சம்தான் நமக்கு. வாங்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்ல உனக்கு வாய் வரலையா?”

“எனக்குத் தெரியாது மாமா.”

“அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

ராய்ஸ் அவர் மனைவி ஆர்டித்தின் தம்பி. இன்ஷூரன்ஸ் விற்கிறவன். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு என்று இதுவரை அவன் ஒத்துக்கொண்டதே இல்லை. அந்த வகையில் அன்றைக்கு நடந்தது ஒரு முன்னேற்றம்தான்.

டிரக்குக்குப் பின்னால் நின்றது முப்பத்தாறு அடி டிரெய்லர் வீடு. படுக்கையறை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. பம்பரில் கொக்கி போட்டு மாட்டுகிற ரகமல்ல. மூக்கைக் கொண்டுவந்து டிரக்கின் முதுகிலேயே அழுத்தி உட்காரும் ரகம். ஃபிஃப்த் வீல் என்பார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஒரு முதுகைத் தேடித்தான் வெர்லின் மே மாதத்திலிருந்து அலைகிறார். அவருடைய பழைய டிரக்கில் இதை மாட்டியபோது பின்பக்கம் தரையைத் தொட்டது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அதைத் தள்ளிவிட்டு எடுத்ததுதான் இந்த டீசல்.

வெர்லின் சாதாரண ஆளில்லை. கான்சஸில் அந்த வட்டாரத்துத் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்தவர். அறுவடைக் காலத்தில் நூறு லாரி வரிசையில் நின்றாலும் அவசரப்பட மாட்டார். எதிர்வீட்டு டெல்பர்ட் உன்ரூ ஒரு வருஷம் மழையில் நனைந்த கோதுமையை இரண்டு லாரியில் கொண்டுவந்தார். ஈரம் பார்க்காமல் எடை போட மாட்டேன் என்று சொல்லி, பார்த்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் இரண்டையும் திருப்பி அனுப்பினார் வெர்லின். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான் டெல்பர்ட். இருபது வருஷமாக எதிரெதிர் வாசலில் நின்று புல் வெட்டுகிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது.

வசந்தத்தில் ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே ஒரு ஏலத்தில் இந்த டிரெய்லரை எடுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் ஆர்டித்திடம் அறிவித்தார். கேட்கவில்லை, அறிவித்தார்.

“வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுடலாம். அரிசோனா, ஒரேகான் எல்லாம் சுத்திட்டு வருவோம். சரியான டிரக் அமைஞ்சதும் கிளம்ப வேண்டியதுதான்.”

ஆர்டித் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக அப்போதுதான் நட்டிருந்த தக்காளிப் பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி. ஆனா ஒண்ணு. ஒரு பவுண்டு கூடினாலும் நான் அதுல ஏற மாட்டேன். நீ முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னதுதான். தராசு சரின்னு சொல்ற அன்னிக்கு மறுபேச்சு இல்லாம வந்து உக்காந்துக்கறேன்.”

வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள் என்று ராய்ஸிடம் நாலு தடவை சொன்னார்.

அந்தப் பெருமையெல்லாம் இப்போது எங்கேயோ போய்விட்டது. சனிக்கிழமை வெயிலில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் டிரெய்லருக்குள் ஏறி, எதைத் தூக்கி எறியலாம் என்று பார்க்க ஆரம்பித்தார். குளிர்ப்பெட்டிக் கதவு இடித்தது. அலமாரி முழங்காலைப் பதம் பார்த்தது. கேஸ், தண்ணீர்த் தொட்டிகள், பாட்டரி எல்லாவற்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டச் சுவரில் இருந்த விளக்குப் பலகை பச்சையும் மஞ்சளுமாகப் பல்லை இளித்தது. இந்தப் பலகை எந்த டிரெய்லரிலும் உண்மை சொன்னதில்லை, இதை நம்பாதே என்று விற்றவனே சொல்லியிருந்தான். வெர்லின் கறுப்பு டேப்பை எடுத்து அதன் வாயை அடைத்தார்.

“ஆர்டித், இந்த இரும்பு வாணலி எட்டு பவுண்டு.”

“எடுத்துடு.”

“உன் தையல் மெஷின்?”

“அதையும் எடுத்துடு.”

“சாய்வு நாற்காலி? அது எனக்கு...”

“வெர்லின், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எடுத்துடு.”

நாற்காலி போயிற்று. டி.வி. போயிற்று. அவருடைய தூண்டில் பெட்டி போயிற்று. ஆர்டித் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை, கூடமாட நின்று தூக்கிக் கொடுத்தாள். கடைசியாக வெர்லின், நிழலில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.

“ட்யூக் எண்பது பவுண்டு இருப்பான்.”

“ட்யூக் வரட்டும். வேணும்னா உன்னை இறக்கிடலாம், இருநூத்து முப்பது குறையும்.”

அது அவருக்கு உறைத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கைத் தொடவில்லை, கிரேவியைத் தொடவில்லை. ஆர்டித் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தின் வாசனை வந்தபோதெல்லாம் எழுந்து வெளியே போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல ராய்ஸோடு கிளப்பில் மீன் சாப்பிடப் போனபோதுகூட, பொரித்த மீனின் மேல்மாவை உரித்து ஓரம் கட்டினார். பக்கத்து மேஜைக்காரன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. நீ உன் தட்டைப் பாரு” என்றார் வெர்லின்.

மறுநாள் காலை எடை போட்டார்கள். ராய்ஸ் செல்போனைத் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

“என்னடா?”

“எழுநூத்துப் பத்து, மாமா.”

“குறைஞ்சதா?”

“கூடுதல். போன வாரத்துக்கு மேல எழுபது.”

வெர்லினுக்குக் கோபம் வந்தது. மொத்தமாக வந்தது. முந்நூறு பவுண்டு சாமானைத் தூக்கிப் போட்டோம், நான் ஒரு வாரம் பட்டினி கிடந்தேன், இது எழுபது பவுண்டு ஏறி நிக்குதுன்னா உங்க தராசு தராசா இல்ல லாட்டரியா என்று எடைச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் பெண்ணிடம் சத்தம் போட்டார். அவள் சூயிங்கத்தை மென்றுகொண்டே கேட்டாள். அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“என் தராசுக்குப் போடா” என்றார் ராய்ஸிடம். “எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுல உண்மை பேசறது அது ஒண்ணுதான்.”

தானியக் கிடங்கின் எடைமேடையில் இப்போது கெண்ட்ரா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வெர்லினிடம்தான் தொழில் படித்தவள். எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு எடை போட்டாள். அதே எடை. பத்து பவுண்டுகூட வித்தியாசம் இல்லை.

“மறுபடி போடும்மா. தராசைச் சரிபார்த்து எத்தனை நாளாச்சு?”

“நீங்க எப்படி வெச்சுட்டுப் போனீங்களோ அப்படியே இருக்கு சார். தராசு பொய் சொல்லாதுன்னு நீங்க எழுதி மாட்டின அட்டையைக்கூட நான் கழட்டல.”

அவள் தலைக்கு மேலே அட்டை இருந்தது. வெர்லினின் கையெழுத்துத்தான். அவர் அதைப் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

திங்கட்கிழமை டிரக் விற்பவனிடம் போனார். டிரெண்ட் என்று ஒருவன், எந்நேரமும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பே வெர்லினுக்கு ஆகவில்லை.

“நான் அப்பவே அடுத்த பெரிய ரகம், ஒரு டன் வண்டி எடுங்கன்னு சொன்னேன் சார்.”

“நீ எப்பய்யா சொன்னே? இதுதான் உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரின்னு சொன்னே.”

“அன்னிக்கு உங்க அளவு அது சார்.”

டீசலைக் கொடுத்து, மேலே ஒரு தொகையும் கொடுத்து, ஒரு டன் வண்டியை எடுத்து வந்தார் வெர்லின். கராஜில் நுழையவில்லை. வாசலில் நிறுத்தினால் ஜன்னல் மறைந்தது. சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஆர்டித் வெளியே வந்தாள். டிரக்கைச் சுற்றி வந்து பார்த்தாள், டயரைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எவ்வளவு தாங்கும்?” என்று கேட்டாள்.

“பழசை விடத் தொள்ளாயிரத்து அம்பது பவுண்டு கூடுதலா தாங்கும். இனி அந்தத் தராசு என்ன செய்யுதுன்னு பாக்கறேன்.”

“தொள்ளாயிரத்து அம்பதா” என்றாள் ஆர்டித் மெதுவாக. ஏதோ மனக்கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு அசைந்தது. பிறகு கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஆறு வாரமாக ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. தெருவில் அத்தனை பேர் வீட்டுச் செடியும் சுருண்டு கிடக்க, அவளுடைய தக்காளி மட்டும் வேலிக்கு மேலே வளர்ந்திருந்தது. சர்ச்சில் பெண்கள் எல்லாரும் என்ன உரம் என்று கேட்டார்கள், அவள் கையின் ராசி என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மீன். சனிக்கிழமை எடை.

“நூத்து முப்பது” என்றான் ராய்ஸ்.

“நூத்து முப்பது மிச்சமா?”

ராய்ஸ் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். அதிலேயே வெர்லினுக்குப் புரிந்துவிட்டது. புது டிரக்கின் டயரை ஓங்கி உதைத்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

டிரெண்ட் சிரித்த முகத்தோடு கடைசி வண்டியைக் காட்டினான். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம், மொத்தம் நாலு. வீட்டைத் தூக்கி மேலே வைத்தாலும் அசையாது சார் என்றான். விலையைக் கேட்டதும், வீட்டைத் தூக்கிக் கொடுத்தால்தான் அது கிடைக்கும் என்று வெர்லினுக்குத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். ஆனால் மூன்று மாதம் டிரக் தேடி ஊர் முழுக்க அலைந்தாயிற்று, கெண்ட்ரா முன்னால் தலைகுனிந்தாயிற்று, நகம் பெயர்ந்தாயிற்று. இனி அவர் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் மறுபடி அறிவித்தார்.

“வீட்டை வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஆர்டித்தின் கையிலிருந்த பீன்ஸ் கிண்ணம் மேஜையில் சாய்ந்தது.

“வீட்டையா? வாடகைக்குன்னுதானே சொன்னே.”

“சொன்னேன். என்ன பண்ணச் சொல்றே? சாமானை எறிஞ்சாச்சு, வயித்தைக் கட்டியாச்சு, டிரக்கை மாத்தியாச்சு. அந்தச் சனியன் வாராவாரம் கனத்துக்கிட்டே போகுது. தராசு சரின்னு சொல்லணும்னு கேட்டது நீதானே? சொல்ல வெக்கறேன்.”

“அவ்வளவு அவசரமா வெர்லின்? தக்காளி இன்னும் பாதி பழுக்கல.”

“தக்காளி பழுக்கலைன்னு யாராவது உலகத்தைப் பாக்காம இருப்பாங்களா?” என்று கத்தினார் வெர்லின். ட்யூக் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வெளியே போயிற்று. ஆர்டித் சிந்திய பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். முகம் வெளுத்திருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம், ‘வீடு விற்பனைக்கு’ என்று எழுதிய பலகையையும் சம்மட்டியையும் தூக்கிக்கொண்டு வெர்லின் வாசலுக்கு வந்தார். ராய்ஸ் கம்பைப் பிடித்துக்கொண்டான். புல்வெளி காய்ந்து செங்கல்லாக இறுகிக் கிடந்தது. முதல் இடத்தில் அடித்தார், கம்பு இறங்கவில்லை. இரண்டாவது இடத்தில் அடித்தார், கம்பின் முனை பிளந்தது. எதிர்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டெல்பர்ட் உன்ரூ இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது வேறு அவருக்கு எரிச்சலை மூட்டியது.

“டிரெய்லர் பக்கமா வை. இங்க இறங்காம எங்க போகுதுன்னு பாக்கறேன்.”

ராய்ஸ் டிரெய்லர் ஓரமாகக் கம்பை நிறுத்தினான். வெர்லின் உள்ள கோபத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரே அடி அடித்தார். கம்பு முழுசாக உள்ளே போயிற்று. பலகை தரையில் உட்கார்ந்தது. சேறு தெறித்து இருவர் முகத்திலும் அப்பியது.

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். டிரெய்லரின் அடியிலிருந்து ஈரம் ஒரு வாய்க்காலாகப் புறப்பட்டு, சுவரை ஒட்டி, தோட்டத்துப் பக்கம் போயிருந்தது.

“ஏழு வாரமா மழை இல்ல. இங்க எப்படிடா சேறு?”

“எனக்குத் தெரியாது மாமா” என்றான் ராய்ஸ், இந்தத் தடவை உடனடியாக.

டெல்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்தார். தெருவைக் கடந்து வந்தார். சேற்றைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், சமையலறை ஜன்னலில் திரை சட்டென்று மூடியதையும் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக வெர்லினைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“நீ வெள்ளிக்கிழமை மீன் திங்கப் போனதும் உன் பொண்டாட்டி ரப்பர் குழாயை இழுத்துட்டு வந்து இந்த வண்டித் தொட்டியில தண்ணி ரொப்புறா, திங்கக்கிழமை தக்காளிக்குத் திறந்து விடுறா, முதல்ல ஒரு தொட்டிதான் ரொப்பினா, நீ சாமானை இறக்க இறக்க, டிரக்கை மாத்த மாத்த, இப்ப மூணு தொட்டி ஆயிருக்கு. ஏன்யா வெர்லின், ஈரம் பாக்காம எடை போட மாட்டேன்னு என் கோதுமையைத் திருப்பி அனுப்பினவன் நீதானே?”