அப்பாவுக்குத் தெளித்த வியர்வை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அத்தைக்கு,

இங்கு எல்லாரும் நலம். அங்கு நலமா என்று கேட்க வேண்டியதில்லை. பார்சல் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தபோதே உங்கள் தெம்பு தெரிந்தது.

நீங்கள் அனுப்பிய விளையாட்டுச் சட்டைக்கு மிக்க நன்றி. மார்பில் "வியர்வை பொய் சொல்லாது" என்று கொட்டை எழுத்து. அளவைப் பார்த்தால் நான் இன்னும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். அதைத்தான் உங்கள் தம்பி, அதாவது என் அப்பா, நிறம் நன்றாக இருக்கிறதென்று தலை வழியே மாட்டினார். தலை வந்தது, கை வரவில்லை. பத்து நிமிடம் பல்லைக் கடித்துப் போராடிச் சொட்டச் சொட்ட நனைந்து நின்றவருக்கு உதவாமல் படம் பிடித்தது என் தப்புதான். அதை அந்தச் சட்டைக் கம்பெனி நடத்திய "உழைப்பின் முகம்" போட்டிக்கு அனுப்பியதும் என் தப்புதான். ஆனால் பரிசு ஒரு ஜோடி ஓட்ட ஷூ, அத்தை. மாதக் கடைசியில் பள்ளி ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நல்ல ஷூ இல்லாதவர்கள் ஓட்டக் கோட்டுப் பக்கமே வரக்கூடாது என்று கோச் சொல்லிவிட்டார். என்னுடையது வாயைப் பிளந்து வெகுநாளாகிறது.

படம் ஜெயித்துவிட்டது. அங்கேதான் வினை. அவர் உழைப்பதை நேரில் படமெடுத்தால்தான் ஷூ என்று கம்பெனி ஆட்கள் நான்கு பேர் படப்பிடிப்பு விளக்கும் குடையுமாக அப்பா கடையில் வந்து இறங்கினார்கள். அப்பாவின் தொழில் உங்களுக்குத் தெரியும், கைக்கடிகாரம் பழுது பார்ப்பது. அரை மணி நேரத்தில் அசைந்தது இரண்டே விரல். கொஞ்சம் கஷ்டப்படுங்களேன் சார் என்று படமெடுப்பவர் கெஞ்சினார். கஷ்டப்பட்டால் ஸ்க்ரூ வழுக்கிவிடும் என்றார் அப்பா. உடனே ஒப்பனைக்கார அக்கா, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்து அவர் நெற்றிக்குக் குறி வைத்தார். அப்பா திறந்து கிடந்த கடிகாரத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ஒரு சொட்டு உள்ள போனா ஒரு வாரம் உக்காந்த வேலை போச்சும்மா. இங்க வேர்க்காம இருக்கிறதுதான் வேலையே."

அவர்கள் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. என் ஷூதான் திறந்தது. காலைச் சற்று முன்னால் நீட்டி வைத்தேன், அவ்வளவுதான். அப்பா பார்த்தார். கடிகாரத்தைக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவுக்கு இறங்கிக் கடைப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"இப்ப அடிங்கம்மா. எவ்வளவு வேணுமோ அடிங்க."

வாடிக்கையாளர்கள் பார்க்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இப்போது பஸ் நிறுத்த விளம்பரத்தில் ஆளுயரத்துக்கு நனைந்து நிற்கிறார். ஷூ வந்துவிட்டது, காலுக்குக் கச்சிதம். சட்டையைச் சின்னதாக அனுப்பிய உங்களுக்கு மீண்டும் நன்றி. மாமாவுக்கு வணக்கமும் குட்டிகளுக்கு ஆளுக்கொரு குட்டும் தரவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெற்ற தொல்லை

பி.கு.: கடித உறை தேடுவதற்குள் அணித் தேர்வே முடிந்துவிட்டது. நாற்பது பேரில் முப்பத்தொன்பதாவது வந்தேன். நாற்பதாவது ஆள் பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவன். ஆனாலும் அணியில் இருக்கிறேன். பஸ் நிறுத்தப் படத்தில் கடைப் பலகையைப் படித்த கோச், கடிகாரக்காரர் பிள்ளையா என்று கேட்டு, ஸ்டாப்வாட்ச்சைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அப்பா தினமும் ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டே எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார். பிரமாதமாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.