ஸ்கேன் அறையிலிருந்து சின்னவளுக்கு

அன்புள்ள சின்னவளுக்கு, பெரியவள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். அத்தான் சுகம். நான் சுகமா இல்லையா என்பதை ஒரு டாக்டரம்மா சொல்ல வேண்டியிருக்கிறது. உன் வீட்டிலும் உன்னைத் தவிர எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஸ்கேன் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "சிக்னல் இல்லக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி அரை நாள் பேசும்போது அந்தச் சிக்னல் எங்கிருந்துதான் வருகிறதோ. அதனால்தான் கடிதம். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆன பிறகு உனக்கு மறுபடியும் ரத்தம் படுகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். "யார்கிட்டயும் சொல்லாதே, தானா சரியாயிடும்" என்றும் சொன்னாய். டாக்டர் உள்வழியாக ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார், போகமாட்டேன் என்று அடம்பிடித்தாய். நான் திட்டியதும், "உனக்கும்தான் அடிவயித்து வலிக்கு அதையே எழுதிக் கொடுத்திருக்காங்க, நீ போனியா?" என்று திருப்பிக் கேட்டாய். சின்ன வயதிலிருந்தே என்னை மடக்குவதில் உனக்கு நிகர் நீதான். சரி, போனேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நம் வீட்டில் சோதனை என்றாலே வெறும் வயிறு என்று ஒரு சட்டம் இருக்கிறதே, கண் சோதனைக்குக்கூடப் பட்டினியாகப் போன குடும்பம் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் நானும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஸ்கேன் சென்டரில் போய் உட்கார்ந்தேன். முன்னால் மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண், "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டாள். "ஒரு சொட்டு இல்லை" என்றேன் பெருமையாக. அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "முதல்ல வயித்து மேல வச்சுப் பாப்பாங்க. அதுக்கு மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். நிறைய குடிங்க, முட்டுதுன்னா சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான், உன் அத்தானுக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வந்ததோ. ஓய்வு பெறும்வரை குடிநீர் பம்ப் ஹவுஸில் இருந்த மனுஷர் இல்லையா, "தண்ணி விஷயத்தை என்கிட்ட விடு" என்று பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றியதோடு நிற்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து, "லெவல் எவ்வளவு இருக்கு?" என்று கேட்கிறார், அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு மானம் போயிற்று, ஆனாலும் அவசரத்தில் "முக்கால்" என்று பதில் சொல்லிவிட்டேன். முழுசாக நிறைந்தது, என் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அவளை முதலில் அனுப்பாமல் என்னை அனுப்பு என்று சொல்ல முடியுமா? காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் யூனிஃபாரத்தோடு ஒரு பஸ் கண்டக்டரம்மா உள்ளே போனார். பக்கத்தில் யாராவது இருமினால்கூட எனக்குப் பயமாக இருந்தது. "அடக்கிக்கோ, அடக்கிக்கோ" என்று அத்தான் என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்டக்டரம்மா பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார், "இதுக்கா ரெண்டு ராத்திரி தூங்காம இருந்தேன்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பஸ்ஸில் கத்திப் பழகிய குரல். ரிப்போர்ட் வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னார்.

உள்ளே விளக்கு மங்கலாக இருந்தது. பார்ப்பவர் ஒரு டாக்டரம்மா, நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். அடிவயிற்றில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவினார். பிறகு ஒரு கருவியை வைத்து அழுத்தினார் பார், நிறைந்த இடத்திலேயே. ஊரில் உள்ள தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "நான் பாத்து எழுதிடுவேன், உங்க டாக்டர் விளக்கமா சொல்வாங்க" என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அது அவர்களுடைய முறையாம், நீ அதை வைத்துக் கலங்காதே. "இப்பப் போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க, உள்வழியா பாக்கணும், அதுக்குக் காலியா இருக்கணும்" என்றதும் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அத்தான், "அவ்வளவு தண்ணியும் வீணா?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இனிதான் உனக்கு வேண்டியது, கவனமாகப் படி. இடுப்புக்குக் கீழே உள்ள துணியை மட்டும் மாற்றினால் போதும், மேலே போர்த்திக்கொள்ளப் போர்வை தருவார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். கருவி கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன், நீளமாக இருப்பதைப் பார்த்துப் பதறாதே, முனைப் பக்கம் கொஞ்சம்தான் உள்ளே போகும். ஒவ்வொருவருக்கும் புது உறை போட்டு, பசை தடவித்தான் வைப்பார்களாம். நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் விடுவார்களாம். அப்படியும் இப்படியும் திருப்பும்போது ஒரு அழுத்தம் தெரியும், ஒரு மாதிரி இருக்கும், அதிகமாக வலிக்காது. வலித்தால் "நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். கூட ஒரு நர்ஸம்மா இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ரத்தம் படும் நாளானாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாமாம். மூச்சை அடக்காமல், இடுப்பை இறுக்காமல் கிடந்தால் டீ ஆறும் நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பயமும் இல்லை சின்னவளே, ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒன்று யோசித்தேன். பிள்ளை பெற்றபோது நம்மைச் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள், அப்போது நாம் வெட்கப்பட்டோமா? வேலை இருந்தவரை அந்த இடத்துக்கு மரியாதை இருந்தது. வேலை முடிந்ததும் நாமே அதை நலம் விசாரிக்கவில்லை. நம் வீட்டில் கழுத்துக்குக் கீழே எங்கே வலித்தாலும் "வயிறு சரியில்லை" என்றுதான் சொல்லுவோம், அப்புறம் டாக்டருக்கு எப்படிப் புரியும்? உனக்கு வெட்கம்கூட ஒரு சாக்குத்தான். கருவியைப் பார்த்து நீ பயப்படவில்லை, அது எதைப் பார்த்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறாய். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே உன் விஷயத்தை, பெயர் சொல்லாமல், அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பெரும்பாலும் சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா பாக்காம விடவே கூடாது. அவங்களைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கை. நீ ரோஷக்காரி, கோபித்துக்கொண்டு போனைக் கட் பண்ணு, பத்து நாள் பேசாமல் இரு, எல்லாம் பண்ணு, ஆனால் இரு.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், விஷயத்தை அவரிடமும் சொல், அவர் நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு என் அன்பு. நீ எல்லா நலமும் பெற்று, என்னை இன்னும் நெடுநாள் மடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. ஒண்ணுக்கு இருக்க ஓடியது வரைக்கும் நான் எழுதியது சத்தியம். அதற்கப்புறம் உள் ஸ்கேனைப் பற்றி எழுதியதெல்லாம் கண்டக்டரம்மாவும் டாக்டரம்மாவும் சொன்னது. கழிப்பறையிலிருந்து வெளியே வந்தேன், வலது பக்கம் ஸ்கேன் அறை, இடது பக்கம் வாசல். என் கால் இடது பக்கம் போய்விட்டது. அத்தான் காலி பாட்டில்களோடு பின்னாலேயே ஓடி வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு "பயமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வீடு வரும்வரை கையை விடவில்லை. இன்று காலையில் நானே அங்கே போன் செய்தேன். யாரும் திட்டவில்லை, "நிறைய பேர் அப்படிப் போறதுண்டும்மா" என்று பெயர் பதிகிற அந்தப் பெண் சிரித்தாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். "ஒருத்தரா?" என்று கேட்டாள். உன்னைக் கேட்காமல் "ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பயமும் இல்லை என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு. நீ வராவிட்டால் நான் மறுபடியும் இடது பக்கம்தான் திரும்புவேன். வந்துவிடு. யார் முதலில் உள்ளே போவது என்று அங்கேயே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.